பச்சை லேசர் பாயிண்டரின் கதிர் மங்கலாக இருந்தால் டிரிம்பாட்டைத் திருகலாமா?

கேள்வி இதுதான்: 5 மில்லிவாட் பச்சை பாயிண்டரின் புள்ளி சுவரில் பளிச்சென்று விழுகிறது, இரவு வானில் கதிர் மட்டும் சரியாகத் தெரியவில்லை, உள்ளே உள்ள டிரிம்பாட்டைத் (மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு) திருகிச் சக்தியைக் கூட்டலாமா?

வேண்டாம். கதிர் மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு.

532 நானோமீட்டர் பாயிண்டரில் டயோடு நேரடியாகப் பச்சையைத் தருவதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு நியோடிமியம் வனடேட் படிகத்தைத் தூண்ட, அதிலிருந்து 1064 நானோமீட்டர் ஒளி பிறக்கிறது. அந்த அலைநீளம் கேடிபி எனும் இன்னொரு படிகத்தில் பாதியாகி 532 ஆகிறது. டிரிம்பாட் கூட்டுவது டயோடுக்குப் போகும் மின்னோட்டத்தை மட்டுமே. சூடு ஏறி டயோடின் அலைநீளம் விலகினால் பச்சை கூடாது, சில நேரம் குறையவே செய்யும். அகச்சிவப்போ ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் டயோடின் முகப்பு கருகிவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை. இரண்டு ஏஏஏ செல்லுக்குப் பதிலாக 3.7 வோல்ட் லித்தியம் செல்லைப் போடுவதும் இதே ஆபத்துதான். முழு சார்ஜில் அது 4.2 வோல்ட் தரும்.

அகச்சிவப்பைப் பற்றிக் கவலைப்பட்டே ஆக வேண்டும். மலிவான பாயிண்டர்கள் பலவற்றில் அதைத் தடுக்கும் ஃபில்டரே இருக்காது. 2010இல் அமெரிக்க அரசின் அளவீட்டுத் தர ஆய்வகமான நிஸ்ட் சோதித்த ஒரு பாயிண்டரில் பச்சை மங்கலாக இருந்தபோதே சுமார் 20 மில்லிவாட் அகச்சிவப்பு வெளியேறியது. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் இமை தானாக மூடாது, விழித்திரைதான் சுடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். வெள்ளை அட்டையில் சிறு துளை போட்டு, அதன் வழியாகக் கதிரை ஒரு சிடியின் பளபளப்பான பக்கத்தில் நேர்க்குத்தாக விழச் செய்யுங்கள். பிரதிபலித்த பச்சைப் புள்ளிகள் அட்டையில் வரிசையாக விழும். சிடியின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. அதனால் முதல் பச்சைப் புள்ளி சுமார் 19 டிகிரியிலும் இரண்டாவது 42 டிகிரியிலும் வரும். 808 நானோமீட்டர் அகச்சிவப்பு வந்தால் 30 டிகிரியில், இரண்டுக்கும் நடுவே விழும். அந்த இடத்தை மொபைல் கேமராவில் பாருங்கள்: வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு திட்டு திரையில் தெரிந்தால் ஃபில்டர் இல்லை, அந்தப் பாயிண்டரை ஒதுக்கிவிடுங்கள். கேமரா அகச்சிவப்பைப் பிடிக்கிறதா என்று முதலில் டிவி ரிமோட்டை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்; பின்கேமராவில் தெரியாவிட்டால் முன்கேமராவில் தெரியலாம். கேமராவும் கண்ணும் அட்டையைத்தான் பார்க்க வேண்டும், சிடியை அல்ல.

இனி, கதிர் ஏன் மங்குகிறது? முதல் சந்தேகம் செல் மீது. பழைய அல்கலைன் செல் சும்மா இருக்கும்போது 1.5 வோல்ட் காட்டும், பாயிண்டரை இயக்கியதும் சரிந்துவிடும். அடுத்தது குளிர். டயோடின் அலைநீளம் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். வனடேட் நன்றாக உறிஞ்சுவது 808ஐ ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் என்பதால், 10 டிகிரி குளிர்ந்தாலே பச்சை வெகுவாகக் குறையும். ஐந்து நிமிடம் சட்டைப் பையில் வைத்திருந்து எடுத்தால் வித்தியாசம் தெரியும். முன்கண்ணாடியில் விரல்ரேகை படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடையுங்கள்.

மதிப்பிடும்போது பலர் தவறுவது நிற்கும் இடத்தில். பக்கவாட்டில் நின்றால் பார்வை கதிரின் மெல்லிய குறுக்குவெட்டை மட்டுமே கடக்கும். பாயிண்டரைக் கன்னத்தருகே பிடித்து, கதிரை ஒட்டியே பின்னாலிருந்து நோக்கினால் பார்வைக்கோடு கதிருக்குள் நெடுந்தூரம் ஓடும், சிதறிய ஒளி சேர்ந்து கோடு கெட்டியாகத் தெரியும். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். நிலவில்லாத இரவா, பனிமூட்டம் இருக்கிறதா என்பதெல்லாம் சேரும். ஆகவே நேற்றைய கதிரையும் இன்றையதையும் நினைவில் வைத்து ஒப்பிடுவது பயனில்லை. நன்றாக வேலை செய்யும் இன்னொரு பாயிண்டரை அதே நேரத்தில் பக்கத்தில் இணையாகப் பிடித்து ஒப்பிடுங்கள்.

சக்தியைக் கூட்டினாலும் எதிர்பார்த்த பலன் வராது. 5 மில்லிவாட் 10 ஆனால் கண்ணுக்கு இரு மடங்காகத் தோன்றாது, கொஞ்சம் கூடியதுபோல்தான் இருக்கும். ஆபத்து மட்டும் உண்மையிலேயே கூடும். 1 மில்லிரேடியன் விரியும் கதிர் 3 கிலோமீட்டரில் 3 மீட்டர் அகலமாகி விமானி அறையின் முன்கண்ணாடி முழுவதையும் நிறைத்துவிடும். விமானச் சத்தமோ விளக்கோ தெரிந்தால் அந்தக் கணமே அணைத்துவிடுங்கள்.