கோட்டைக் கழற்றாதவர்

கேள்வி: '12 ஆங்ரி மென்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். ஹென்றி ஃபோண்டாவும் லீ ஜே. காபும் போட்டி போட்டு நடித்திருக்கிறார்கள். மற்ற பத்துப் பேரும் நாற்காலியை நிரப்ப வந்தவர்கள்தானே? (ஒரு வாசகர், நெய்வேலி)

பதில்: அந்தப் பத்து நாற்காலிகளில் ஒன்றில் இ.ஜி. மார்ஷல் உட்கார்ந்திருக்கிறார், ஐயா. அவரைக் கவனிக்கவில்லை என்றால் உங்களுக்குப் பாதிப் படம் இன்னும் பாக்கி இருக்கிறது.

கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன் குற்றவாளியா இல்லையா என்று பன்னிரண்டு ஜூரர்கள் (தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட சாதாரணக் குடிமக்கள்) ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்வதுதான் கதை. முதலில் ஃபோண்டா மட்டும்தான் 'குற்றவாளி அல்ல' என்கிறார், பிறகு மற்றவர்களை ஒவ்வொருவராக யோசிக்க வைக்கிறார். மார்ஷல் நான்காம் எண் ஜூரர். பங்குத் தரகர், மூக்குக் கண்ணாடி போட்டவர். நியூயார்க் புழுக்கத்தில் மற்றவர்கள் சட்டை நனைய நெளிகிறார்கள். இவர் மட்டும் கோட்டும் டையுமாக அசையாமல் இருக்கிறார். "உங்களுக்கு வியர்க்கவே வியர்க்காதா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். வியர்க்காது என்று பதில் வருகிறது. அதில் பெருமையும் இல்லை, எரிச்சலும் இல்லை. ஏதோ தன் வீட்டு முகவரியைச் சொல்வதுபோல் சொல்கிறார்.

காப் கத்துகிறார். அவர் கத்தக் கத்த ஃபோண்டாவின் வேலை சுலபமாகிறது. மகன் மேல் உள்ள கோபத்தை வழக்கில் காட்டுபவரை யார்தான் நம்புவார்கள்? மார்ஷல் அப்படியல்ல. அவருக்கு யார் மேலும் வன்மம் கிடையாது. சாட்சியத்தை நம்புகிறார், அதனால் பையன் குற்றவாளி என்கிறார். ஃபோண்டாவுக்கு உண்மையான எதிரி இவர்தான். இந்த வேடத்தில் துளி வில்லத்தனம் கலந்திருந்தால்கூடப் படம் வெறும் சண்டையாகிப் போயிருக்கும்.

ஃபோண்டா மார்ஷலைக் கேள்வி கேட்கும் கட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். கொலை நடந்த நேரத்தில் சினிமாவுக்குப் போயிருந்தேன் என்கிற பையனுக்குப் பார்த்த படத்தின் பெயர் நினைவில்லை. இதை மார்ஷல் பெரிய ஓட்டையாகப் பிடித்துக்கொள்கிறார். சரி, நீங்கள் என்ன படம் பார்த்தீர்கள் என்று ஃபோண்டா ஒவ்வொரு இரவாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறார். இரண்டாவது படத்தின் பெயரை மார்ஷல் தப்பாகச் சொல்ல, வேறொருவர் திருத்துகிறார். நடிகர்களின் பெயரிலும் தடுமாற்றம். குரலை உயர்த்தவில்லை, முகத்தைக் கோணவில்லை. கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொள்கிறார். வியர்த்துவிட்டது! இதைவிடக் குறைவாக ஒரு தோல்வியை நடித்துக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

இன்னொன்று. சேரிப் பையன்களைப் பற்றிப் பத்தாம் எண் ஜூரர் விஷத்தைக் கக்குகிறார். அந்த நேரத்தில் அவரும் மார்ஷலும் ஒரே கட்சி, இருவரின் ஓட்டும் 'குற்றவாளி'தான். கடைசியில் கேளுங்கள் கேளுங்கள் என்று கெஞ்சுபவரிடம், கேட்டாகிவிட்டது, உட்காருங்கள், இனி வாயைத் திறக்கக் கூடாது என்கிறார் மார்ஷல். காப் அத்தனை கத்தலிலும் உண்டாக்காத பயம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

1957-இல் வந்த இந்தப் படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரைகள் மூன்று: படம், இயக்குநர் சிட்னி லூமெட், திரைக்கதை. நடிப்புக்கு ஒன்றுகூட இல்லை. ஃபோண்டாவுக்கே இல்லாதபோது மார்ஷலை யார் சீண்டப் போகிறார்கள்? கதை எழுதிய ரெஜினால்ட் ரோஸ் பின்னால் 'தி டிஃபெண்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரை உருவாக்கியபோது வழக்கறிஞராக மார்ஷல்தான் வந்தார். அதற்கு இரண்டு எம்மி விருதுகள் வாங்கினார்.

அப்புறம், மார்ஷல் மூக்கைத் தேய்ப்பதைப் பார்த்து, சாட்சி சொன்ன பெண்ணின் மூக்கிலும் அதே கண்ணாடித் தழும்பு இருந்ததைக் கண்டுபிடிக்கும் அந்தக் கிழவர் ஜோசப் ஸ்வீனி. அவருக்காக இன்னொரு கேள்வி எழுதிப் போடுங்கள். இந்த வாரம் இடமில்லை.