விக்கியில் யார் கை வைக்கலாம்? – கேள்வி பதில்

சொந்த சர்வரில் மீடியாவிக்கி (விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள்) நடத்தும் வேலூர் வட்டார நண்பர்கள் கேட்டவை.

காட்பாடி: பள்ளி விக்கியில் யார் யாரோ விளம்பரம் ஒட்டிவிட்டுப் போகிறார்கள், ஐயா.

விக்கியின் அமைப்புகள் உள்ள லோக்கல்செட்டிங்ஸ் கோப்பை முதலில் நகல் எடுத்து வையுங்கள். அதில் நட்சத்திரக் குறியிட்ட குழு என்றால் வந்துபோகும் எல்லோரும். அந்தக் குழுவின் தொகுக்கும் உரிமையைப் பறியுங்கள். கணக்குத் தொடங்கும் உரிமையையும் சேர்த்துப் பறிக்க வேண்டும். இல்லையென்றால் விளம்பரக்காரர் கணக்குத் தொடங்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வருவார். ஆசிரியர்களுக்கு நிர்வாகி கணக்குத் தொடங்கித் தரலாம்.

குடியாத்தம்: முகப்பை மட்டும் பூட்ட வேண்டும்.

அந்தப் பக்கத்துக்குக் காப்பு (திருத்தத் தடை) வையுங்கள், நிலை ‘நிர்வாகிகள் மட்டும்’. நடுவில் உள்ள ‘தானாக உறுதியான பயனர்’ நிலையை (கணக்குத் தொடங்கிச் சில நாளும் சில தொகுப்பும் ஆனால் தானாகக் கிடைப்பது) நம்பாதீர்கள். புதிதாக நிறுவிய விக்கியில் அதற்கான நாள் வரம்பும் 0, தொகுப்பு வரம்பும் 0. கணக்குள்ள எவரும் அதற்குள் வந்துவிடுவார்.

ஆம்பூர்: சங்கத்தின் வரவு செலவுப் பக்கத்தைக் காப்புச் செய்தால் வெளியார் பார்க்க முடியாதுதானே?

பார்க்கலாம். காப்பு தடுப்பது திருத்தத்தை, படிப்பதை அல்ல. பக்கம் பக்கமாக மறைக்க மீடியாவிக்கி கட்டப்படவில்லை. அதுதான் தேவை என்றால் டோக்குவிக்கி என்ற வேறு விக்கி மென்பொருளுக்குப் போங்கள்.

ராணிப்பேட்டை: 1806 வேலூர்ப் புரட்சிப் பக்கத்தை நிரந்தரமாகப் பூட்டுங்கள். காரணம் தலைப்பாகையா, திப்புவின் பிள்ளைகளா என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி, தாடி மீதான தடையும் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன. திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்தார்கள். இரண்டும் நடந்தவை, ஒன்றை அழித்துத்தான் மற்றதை எழுத வேண்டுமா? ஒரு வாரம் காப்பு வையுங்கள். அதுவரை பேச்சுப் பக்கத்தில் மோதிக்கொள்ளட்டும்.

ஆரணி: ராணிப்பேட்டைக்காரர் சொல்வதே சரி. திறந்ததும் மறுபடி அழிப்பார்கள்.

அழிக்கட்டும். யார், எப்போது, எதை அழித்தார் என்பது பக்க வரலாற்றில் நிற்கிறது. மீட்க ஒரு நிமிடம் ஆகாது. அழிப்பவர் ஒரே ஆள் என்றால் அவர் கணக்கைத் தடை செய்யுங்கள். ஒருவருக்காக ஊரையே வெளியே நிறுத்துவானேன்?

ராணிப்பேட்டை: புரட்சியை அடக்க ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்ததையே நீக்கிவிட்டார்களே!

சான்றோடு திரும்பச் சேருங்கள். பக்கத்தைப் பூட்டியிருந்தால் உங்களாலும் சேர்க்க முடியாது. நீங்கள் நிர்வாகி அல்ல.

வாணியம்பாடி: காப்புச் செய்த பக்கம் வெளியாருக்குத் தெரியுமா?

ஆம்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பத்தூர்: உள்நுழைந்தவர் மட்டுமே படிக்கும்படி முழு விக்கியையும் மூடிவிட்டேன். இனிக் கவலையில்லையே?

படங்கள்? பதிவேற்றக் கோப்புறையை சர்வர் நேரடியாகவே காட்டும். முகவரி தெரிந்தவர் உள்நுழையாமலே பார்ப்பார். உரிமையைச் சரிபார்த்துக் கோப்பு தரும் நிரல் மீடியாவிக்கியோடே வருகிறது. கோப்புறையை நேரடிப் பார்வைக்கு மூடிவிட்டு, படங்களை அந்த நிரல் வழியாக அனுப்புங்கள்.