‘பாம்’ என்று கேட்டால் பதறாதீர்கள்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மேலாளர் தினமும் ‘பாம் மொகொஸ்ஸொயோ?’ என்கிறார். சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தமாம். அன்று சப்பாத்தி சாப்பிட்டதால் ‘இல்லை’ என்றேன். பதறிப்போய் கேன்டீனுக்கு இழுத்துப் போய்விட்டார். என்னதான் சொல்வது?

பதில்: பாவம், நீங்கள் பட்டினி என்று நினைத்திருப்பார்! அந்தச் சொல் உண்மையில் ‘பாப்’. அடுத்து ‘ம’ வருவதால் ‘ப்’ ‘ம்’ ஆகிறது. நல் + மை நன்மை ஆவதுபோல. தனியாகச் சொல்லும்போது உதட்டை மூடி நிறுத்துங்கள். நம் பழக்கத்தில் ‘பாப்பு’ என்று உகரம் போடவேண்டாம்.

பாப் என்றால் சோறு. வேளைச் சாப்பாடும் அதுவே. நம் ‘சாப்பிட்டாச்சா?’ மாதிரி நலம் விசாரிப்புதான் அது. சப்பாத்தியோ நூடுல்ஸோ, ‘நே, மொகொஸ்ஸொயோ’ (ஆமாம், சாப்பிட்டேன்) என்றால் போதும். ஆனால் அவரைத் திருப்பிக் கேட்கும்போது பாப் வேண்டாம், மரியாதையாக ‘ஷிக்ஸா ஹஷொஸ்ஸொயோ?’ என்று கேளுங்கள். வீட்டுத் தாத்தாவுக்கு என்றால் ‘ஜின்ஜி’, அந்தக் காலத்து அரசருக்கு ‘சுரா’, முன்னோர் படையலில் ‘மே’. சோறு ஒன்றுதான், யார் முன்னால் வைக்கிறோமோ அதற்கேற்பப் பெயர் மாறும்.

ஷிக்ஸா சீன எழுத்துவழி வந்த சொல். பாப் அசல் கொரியச் சொல். அப்பத்திலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வயலில் ‘ப்யொ’, குத்தியபின் ‘ஸ்ஸல்’, வெந்தபின் பாப் என்ற வரிசை, நெல், அரிசி, சோறு என்று வளர்ந்த நமக்குச் சட்டென்று பிடிபடும். எனக்குப் பிடித்தது ஸ்ஸல்தான். 15ஆம் நூற்றாண்டு நூல்களில் அதன் முதலில் ஒரு ‘ப்’ உண்டு. பிறகு அது உதிர்ந்துவிட்டது. ஆனால் தினைக்கு ‘ஜொ’ என்று பெயர். தினையரிசி இன்றும் ‘ஜொப்ஸ்ஸல்’. உதிர்ந்த அந்த ‘ப்’ நடுவில் ஒளிந்திருக்கிறது, பாருங்கள்.

பாப் சட்டியோடு நிற்பதில்லை. மரத்தூள் ‘தொப்பாப்’, அதாவது ரம்பத்தின் சோறு. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதை, பாப் கொடுப்பது என்பார்கள். ‘ச்சன்பாப்’ என்பது ஆறிய சோறு. யாரும் மதிக்காதவரின் நிலைக்கும் அதுதான் பெயர்.

இன்னொன்று. ‘ஒன்ஜே பாப் ஹன்பொன் மொகொயோ’, ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம் என்று அவர் சொன்னால், சிரித்துத் தலையாட்டுங்கள். என்றைக்கு என்று தேதி கேட்டுவிடாதீர்கள்.