அப்பா கணக்கில் 28 நாள்: மாணவர் விசா கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணக் கணக்கு. மீதியில் பெயர்க் குழப்பம், மறுப்பு, பயம். எல்லாருக்கும் பொதுவாகப் பயன்படும் கேள்விகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

கேள்வி: இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. லண்டனுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம். அப்பா ஒரு மனையை விற்று, போன வாரம்தான் பணத்தைத் தன் கணக்கில் போட்டார். உடனே விண்ணப்பிக்கலாமா? தாத்தா பெயரிலும் 8 லட்சம் டெபாசிட் இருக்கிறது. அதையும் சேர்த்துக் காட்டலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

உடனே வேண்டாம். காட்ட வேண்டிய முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட் முடியும் தேதிக்கும் நீங்கள் விண்ணப்பிக்கும் தேதிக்கும் நடுவே 31 நாளுக்கு மேல் போகவும் கூடாது.

தொகை எவ்வளவு? பல்கலைக்கழகம் தரும் சிஏஎஸ் என்ற சேர்க்கை உறுதி ஆவணத்தில் முதல் வருடக் கட்டணத்தில் எவ்வளவு பாக்கி என்று போட்டிருப்பார்கள். அதனுடன் ஒன்பது மாதச் சாப்பாடு, வாடகைச் செலவைக் கூட்டுங்கள். 2025 நவம்பரில் உயர்த்திய கணக்குப்படி லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, ஆக 10,539 பவுண்டு. லண்டன் என்றால் மாதம் 1,529.

தாத்தாவின் டெபாசிட் செல்லாது. உங்கள் கணக்கு, அப்பா அம்மா கணக்கு, சட்டப்படியான காப்பாளர் கணக்கு, கணவன் அல்லது மனைவி கணக்கு, இவற்றைத்தான் ஏற்பார்கள். தாத்தா, மாமா, சித்தப்பா எல்லாம் நமக்குக் குடும்பம். அவர்கள் விதியில் இல்லை. டெபாசிட்டை உடைத்து அப்பா கணக்குக்கு மாற்றுங்கள். அந்த 8 லட்சமும் சேர்ந்தால்தான் தொகை நிறையும் என்றால், அது வந்து சேர்ந்த நாளிலிருந்து 28 நாளை எண்ணத் தொடங்குங்கள். அப்பாவின் கணக்கைக் காட்டும்போது உங்கள் பிறப்புச் சான்றிதழும், அவர் சம்மதக் கடிதமும் கூடவே போக வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட், நகை, நிலப்பத்திரம் எதற்கும் இங்கே மதிப்பில்லை.

"28 நாள்" என்றால் 28 நாளேதான். ஒரு மாணவியின் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன். 26 நாள் பிசகே இல்லை. 27ஆம் நாள் அப்பாவின் வீட்டுக் கடன் தவணை 23,000 ரூபாய் தானாகக் கழிந்திருக்கிறது. மறுநாள் காலையிலேயே அண்ணன் ஜிபேயில் போட்டு நிரப்பிவிட்டான். ஒரே ஒரு ராத்திரிதான் குறைவு. விசா மறுக்கப்பட்டது. அதனால் தவணை, எஸ்ஐபி, கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் அந்த ஒரு மாதம் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பவுண்டு விலை ஏறி இறங்கும். ஒன்றிரண்டு லட்சம் கூடுதலாகவே வைத்திருங்கள். மனை விற்ற பத்திர நகலும் கையில் இருக்கட்டும், எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டால் காட்டலாம்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, சர்நேம் கட்டம் காலி. அமெரிக்க விசா எடுத்த சீனியருக்கு "எஃப்என்யு" என்று முன்னால் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கும் வருமா? (வாசகி, மதுரை)

வரும். இனிஷியல் போட்டு வளர்ந்த நமக்கென்றே வந்த தலைவலி இது. அவர்கள் முறையில் குடும்பப் பெயர் காலியாக இருக்க முடியாது. எனவே உங்கள் ஒரே பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று நிரப்புவார்கள். "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. விசா கிடைக்க அது தடையில்லை. ஆனால் அங்கே போனபின் வங்கி அட்டை, டிரைவிங் லைசென்ஸ் போன்றவற்றிலும் "எஃப்என்யு" என்றே உங்கள் பெயர் வரலாம்.

நேரம் இருந்தால் இப்போதே பாஸ்போர்ட்டைத் திருத்தி மறுவெளியீடு வாங்குங்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டால் போதும். ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்) கையில் வந்தபிறகு மாற்றினால் பல்கலைக்கழகத்திடம் சொல்லி அதையும் மாற்ற வேண்டும். இரண்டிலும் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: சென்னையில் எஃப்-1 (அமெரிக்க மாணவர் விசா) இன்டர்வியூ இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் 214 பி என்று மறுப்புச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கொழும்பில் சீக்கிரம் ஸ்லாட் கிடைக்குமாம், அங்கே போய்ப் பார்க்கட்டுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

கொழும்பை மறந்துவிடுங்கள். சொந்த நாட்டில், அல்லது குடியிருக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் சொல்லிவிட்டார்கள்.

214 பி என்பது அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் ஒரு பிரிவு, குற்றச்சாட்டு அல்ல. படிக்க வருகிறேன் என்று யார் கேட்டாலும், "இவர் இங்கேயே தங்கிவிட வருகிறார்" என்றுதான் அந்தச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. மேல்முறையீடு கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம், 185 டாலர் மறுபடி கட்ட வேண்டும். செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு முறை) கட்டணமான 350 டாலரை, அதே விசா வகையில் 12 மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பித்தால் திரும்பக் கட்ட வேண்டியதில்லை.

ஃபைலைத் திறக்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி. ஜன்னலில் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். நீங்கள் நிரப்பிய டிஎஸ்-160 விசா விண்ணப்பம் ஏற்கெனவே அதிகாரியின் திரையில் இருக்கும்; பிறகு உங்கள் வாய். ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்விக்கு நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கும் பதில் (தரவரிசை, உலகத்தரம், ஆராய்ச்சிச் சூழல்) உங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற நாலு பேரும் சொன்னதாகவே இருக்கும். யூடியூபில் இருந்து எடுத்த பதில் என்று அவர்களுக்கும் தெரியும்.

அதே கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். கடைசி வருட ப்ராஜெக்ட்டில் பம்ப்செட் மோட்டார் எரிவதற்கு முன்பே அதன் அதிர்வை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தீர்கள்; சென்சார் வரை வந்தது, டேட்டாவைப் பிரிக்கத் தெரியவில்லை. அதுதான் தம்பி பதில்! "அதை முடிக்க இந்த இரண்டு பாடம் வேண்டும், இந்தப் பல்கலைக்கழகத்தில் அது இருக்கிறது, எங்கள் ஊரில் பம்ப் கம்பெனிகளுக்குக் குறைவில்லை" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் எடுபடும். விசா நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் முறை அதே பதிலோடு போவது வீண் என்று மட்டும் சொல்வேன்.

சோஷியல் மீடியா கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்கும்படி 2025 ஜூனிலிருந்து கேட்கிறார்கள். டிஎஸ்-160இல் ஒன்றையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.

கேள்வி: டிகிரி முடித்து மூன்று வருடம் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தேன், கிடைக்கவில்லை. இப்போது ஆஸ்திரேலியா போக நினைக்கிறேன். கன்சல்டன்ட் "கேப் இருந்தால் ரிஜெக்ட் ஆகும், 15,000 கொடுங்கள், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன்" என்கிறார். (வாசகி, நாமக்கல்)

வேறு கன்சல்டன்ட்டைப் பாருங்கள். முடிந்தால் இன்றைக்கே.

கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள், சம்பளம் வந்த வங்கிப் பதிவைக் கேட்பார்கள். பொய் ஆவணம் என்று தெரிந்தால் ஆஸ்திரேலியாவில் மூன்று வருடம் கதவு மூடும். கனடாவில் ஐந்து வருடம், இங்கிலாந்தில் பத்து வருடம்வரை, அமெரிக்காவில் ஆயுளுக்கும். 15,000 வாங்கியவர் பெயர் எந்த விண்ணப்பத்திலும் இருக்காது. கையெழுத்து உங்களுடையது.

அரசுத் தேர்வுக்குப் படித்தது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. ஹால் டிக்கெட்டுகள் இருக்கும், பயிற்சி மையத்தில் கட்டிய ரசீது இருக்கும், அவற்றை வையுங்கள். ஆஸ்திரேலியா 2024 மார்ச் முதல் "உண்மையான மாணவர்" என்ற தலைப்பில் சில கேள்விகளை விண்ணப்பத்திலேயே கேட்கிறது, ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் பதில். அங்கே மூன்று வருடத்தையும் நேராக எழுதுங்கள். அதைவிட அவர்கள் துருவிப் பார்ப்பது வேறொன்று: பி.காம். முடித்தவர் ஏன் திடீரென்று சமையல் டிப்ளமோவுக்குப் போகிறார்? உங்களுடையது அப்படிப்பட்ட தாவல் என்றால் காரணத்தை யோசித்து வையுங்கள். 2025 ஜூலை முதல் விசா கட்டணமே 2,000 ஆஸ்திரேலிய டாலர். மறுத்தாலும் திரும்பி வராது.

கேள்வி: ஜெர்மனியில் ஃபீஸே இல்லை என்கிறார்கள். பிறகு எதற்கு 12 லட்சம் கட்டச் சொல்கிறார்கள்? (மாணவரின் தந்தை, ஈரோடு)

ஐயா, அது கட்டும் பணமில்லை, பூட்டி வைக்கும் பணம். 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்ட்டில் போட வேண்டும். மகன் அங்கே போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோ வீதம் அவர் செலவுக்கே திரும்பி வரும். ஃபீஸ் இல்லை என்பதும் முழு உண்மையில்லை: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வசூலிக்கிறது. பணத்துக்கு முன்னால், மகனின் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். 2022 நவம்பரிலிருந்து நம் நாட்டு மாணவர்களுக்கு அது கட்டாயம்.

கேள்வி: கனடாவுக்கு எஸ்டிஎஸ் என்ற விரைவு வழியில் 20 நாளில் விசா வருமா? (வாசகர், திருநெல்வேலி)

அந்த வழியை 2024 நவம்பர் 8ஆம் தேதியே மூடிவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு என் கணவரையும் அழைத்துப் போகலாமா? (வாசகி, வேலூர்)

முடியாது. 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் படிப்புக்கும், அரசு உதவித்தொகையில் படிப்பவர்களுக்கும்தான் அந்த வசதி.

கேள்வி: அமெரிக்க இன்டர்வியூவுக்குக் கோட் போட வேண்டுமா? (வாசகர், சேலம்)

சென்னை வெயிலில் வேண்டாம். இஸ்திரி போட்ட சட்டை போதும். மொபைல், பை இரண்டையும் உள்ளே விட மாட்டார்கள். காகிதங்களை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கவரில் எடுத்துப் போங்கள். கூட அப்பா வந்தால் வெளியே நிற்கட்டும், போன் அவர் கையில் இருக்கட்டும்.