அந்த 2019 சீசன்

கேள்வி: என் பையன் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டியில எம்.எஸ். படிக்கிறான். போன் பண்ணாலே "2019 டீம் மாதிரி வராதும்மா"ங்கிறான். காலேஜ் பசங்க ஆட்டத்துக்கு இவ்ளோ பேச்சா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பையன் சொல்றது சரிதாங்க. இது பந்தை கையில தூக்கிட்டு ஓடுற, எறியுற அமெரிக்கன் ஃபுட்பால். அங்க காலேஜ் மேட்ச்னா திருவிழாக் கூட்டம், பேட்டன் ரூஜ் ஊர்ல எல்எஸ்யூவோட (அதாவது உங்க பையன் படிக்கிற யுனிவர்சிட்டியோட) டைகர் ஸ்டேடியத்துல மட்டும் 1 லட்சம் பேருக்கு மேல உட்காரலாம். ஆனா அந்த ஜனங்களுக்கு ஒரு ஆறாத காயம், பரம எதிரியான அலபாமா யுனிவர்சிட்டி டீம் கிட்ட வரிசையா 8 தடவை தோத்திருந்தாங்க. பந்தை எறியுற குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ, ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி டீம்ல மெயின் இடம் கிடைக்காம 2018ல இங்க வந்த பையன், வந்த வருஷம் அவர் எறிஞ்சது 16 டச்டவுன் பாஸ்தான் (எறியுற பந்து எதிரணியோட கடைசிக் கோட்டைத் தாண்டி புள்ளியா மாறினா அது டச்டவுன் பாஸ்). அடுத்த வருஷம் எத்தனை தெரியுமா? 60! எப்படின்னா, கோச் எட் ஒர்ஜெரான் அதே மண்ணுல பிறந்தவர், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்ங்கிற தொழில்முறை டீம்ல இருந்து 30 வயசு கூட ஆகாத ஜோ பிரேடிங்கிற துணைப் பயிற்சியாளர கூட்டிட்டு வந்தார், அதுவரைக்கும் பந்தை வச்சுக்கிட்டு முட்டி மோதி ஓடுறதையே நம்பியிருந்த டீம், ஆளுங்கள மைதானம் பூரா பரப்பி விட்டு எறிய ஆரம்பிச்சது, பிடிக்கிறதுக்கு ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெபர்சன்னு ரெண்டு பேர். தப்பா கணக்கு போட்டிருந்தா கோச் வேலையே போயிருக்கும், அந்த துணிச்சலத்தான் நான் பெருசா நினைக்கிறேன். 15 மேட்ச், 15லயும் ஜெயிப்பு. 2020 ஜனவரி 13 ஃபைனல்ல, வரிசையா 29 மேட்ச் ஜெயிச்சிட்டு வந்த கிளெம்சன் யுனிவர்சிட்டி டீம 42-25னு அடிச்சாங்க, அதுவும் சொந்த மாநிலத்துல, நியூ ஆர்லியன்ஸ்ல.

கேள்வி: ஒரே ஒரு மேட்ச் பார்க்கணும்னா எது சார்? – ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நவம்பர் 9, அலபாமா மேட்ச். அவங்க ஊர்லயே போய் 46-41. அரையிறுதியில ஓக்லஹோமாவ 63-28னு அடிச்சதும் பெரிய ஆட்டம்தான், ஆனா முதல் பாதியிலயே பர்ரோ 7 டச்டவுன் பாஸ் போட்டுட்டார், அங்கயே முடிஞ்சு போச்சு.

கேள்வி: நம்மள மாதிரி ஆட்டம் புரியாதவங்களுக்கு இதுல என்னங்க இருக்கு? – இன்னொரு வாசகி, ஈரோடு

பதில்: பர்ரோ பேசுனத கேளுங்கம்மா. டிசம்பர்ல சிறந்த காலேஜ் வீரருக்கான ஹைஸ்மன் டிராஃபிய கையில வச்சுக்கிட்டு, தான் வளர்ந்த ஒஹாயோவோட ஏதென்ஸ் பக்கத்துல ஸ்கூல் விட்டு பசியோட வீட்டுக்குப் போற பிள்ளைங்களுக்காகத்தான் இங்க நிக்கிறேன்னு அழுதுட்டே சொன்னார். அதைக் கேட்டு ஊர்க்காரர் ஒருத்தர் நிதி திரட்ட ஆரம்பிச்சார், அங்க சாப்பாட்டுப் பொருள் இலவசமா குடுக்குற இடத்துக்கு 5 லட்சம் டாலருக்கு மேல வந்து சேர்ந்தது, எல்எஸ்யூ ரசிகர்கள் மட்டுமில்ல, பேரே தெரியாத எத்தனையோ பேர் அனுப்பினாங்க.