ரோடு எப்ப முடியும், அதுவரைக்கும் எப்படி நுழையுறது: உங்க கேள்விக்கு பதில்

நேஷனல் ஹைவே வேலைல சைட் இன்ஜினியரா ரொம்ப வருஷம் இருந்தவன், கான்ட்ராக்டர் பக்கமும் வேலை பாத்திருக்கேன், கன்சல்டன்ட் பக்கமும் பாத்திருக்கேன். அகலப்படுத்துற வேலை ஏன் இழுக்குது, வேலை நடக்குற இடத்துல வண்டிய எப்படி உள்ள விடணும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா வர்றேன். எந்த கம்பெனி எவ்ளோ அடிச்சுதுன்னு கேட்ட மூணு பேருக்கு மட்டும் பதில் கிடையாது, மன்னிக்கணும்.

பண்ருட்டிக்காரன்: அண்ணா, விக்கிரவாண்டி - தஞ்சாவூர் ரோடு எனக்கு கல்யாணம் ஆன சமயத்துல தோண்ட ஆரம்பிச்சாங்க, இப்ப பையன் ஸ்கூல் போறான். ஒரு ரோடு போட இவ்ளோ வருஷமா?

மொத்தம் 165 கிலோமீட்டர் தம்பி, அதை மூணு பேக்கேஜா பிரிச்சு விட்டாங்க. விக்கிரவாண்டி - சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்பு - சோழபுரம், சோழபுரம் - தஞ்சாவூர். 2017-18 வாக்குல வேலை கொடுத்தது. நடு பேக்கேஜ், அந்த 50 கிலோமீட்டர், 2025 ஜூலை கடைசில தான் பிரதமர் தூத்துக்குடி வந்தப்ப திறந்து வச்சாரு, செலவு 2,350 கோடிக்கு மேல. மூணுலயும் ரொம்ப பின்தங்குனது உங்க ஊர் பக்கம் வர்ற முதல் துண்டு தான்.

காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. டெல்டா பக்கம் வயல் நடுவுல ரோடு போகணும்னா மண்ணை கொட்டி உயர்த்தணும், அந்த மண்ணு அங்க கிடையாது, கிராவல் குவாரி தூரத்துல இருக்கு, அதுக்கு கனிமவளத்துறை பர்மிட் வேணும், பர்மிட் லேட்டானா நூறு டிப்பர் சும்மா நிக்கும். களிமண் மேல கொட்டுன கரை உடனே செட்டில் ஆகாது, அவசரப்பட்டு மேல தார் போட்டா அடுத்த வருஷம் அலை அலையா ஆயிடும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, எர்த் ஒர்க்கே கிடையாது. நடுவுல கொள்ளிடம், அதுக்கு மட்டும் ஒரு கிலோமீட்டர் நீளத்துல நாலு வழிப் பாலம். இதெல்லாம் டெண்டர் போடும்போதே தெரிஞ்ச விஷயம் தானேன்னு கேப்பீங்க. ஆமா, தெரிஞ்ச விஷயம் தான். அப்படியும் 24 மாசம், 30 மாசம்னு தான் எழுதுவாங்க, ஏன்னா மேல இருக்கறவங்களுக்கு அந்த நம்பர் தான் புடிக்கும்.

ஆத்தூர் அக்கா: நிலம் எடுக்கறதுல தான் எல்லாம் நிக்குதுன்னு சொல்றாங்களே, எங்க சித்தப்பா நிலம் போச்சு, 3ஏ 3டின்னு நோட்டீஸ் வந்துச்சு, ஒண்ணும் புரியல.

1956 நேஷனல் ஹைவேஸ் சட்டத்துல இருக்குற பிரிவுக்கா அது. 3ஏன்னா "இந்த நிலம் எங்களுக்கு வேணும்"னு அறிவிக்கிறது, அதுல இருந்து 21 நாளுக்குள்ள ஆட்சேபணை சொல்லலாம். 3டின்னா நிலம் அரசாங்கத்துக்கு போயிடுச்சுன்னு அர்த்தம். 3ஏ வந்து ஒரு வருஷத்துக்குள்ள 3டி வரலைன்னா பழைய அறிவிப்பு காலாவதி, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வேலை இழுக்குறதுல இது ஒரு பெரிய ஓட்டை, ஆபீசர் டிரான்ஸ்ஃபர் ஆயிட்டா, சர்வே நம்பர் உட்பிரிவு தப்பா இருந்தா அப்படியே ஒரு வருஷம் ஓடிரும். 3ஜி தான் நஷ்டஈடு. தொகை பத்தலைன்னா ஆர்பிட்ரேட்டர் கிட்ட போகலாம், பெரும்பாலும் கலெக்டர் தான் ஆர்பிட்ரேட்டர். சித்தப்பாவ பத்திரம், பட்டா, கிணறு, தென்னை மரம் எல்லாத்துக்கும் கணக்கு எழுதி வச்சுக்க சொல்லுங்க, மரத்தை விட்டுட்டு வந்தவங்க நிறைய பேர்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இ.பி.சி முறைல (டிசைன்ல இருந்து கட்டி முடிக்கிற வரைக்கும் கான்ட்ராக்டர் பொறுப்பு, காசு அரசாங்கம்) 90 சதவீதம் நிலம் கைல இருந்தா வேலைய ஆரம்பிக்கலாம், எச்.ஏ.எம் முறைன்னா (செலவுல ஒரு பங்கை கான்ட்ராக்டர் போட்டு அப்புறம் தவணையா வாங்கிக்கறது) 80 சதவீதம். கேக்க நல்லா தான் இருக்கும். ஆனா மிச்சம் இருக்குற பத்து இருபது சதவீதம் ஒரே இடத்துல இருக்காது. இங்க 300 மீட்டர், அங்க ஒரு கோயில், அடுத்து ஒரு கல்யாண மண்டபம், அதுக்கப்புறம் ரயில்வே மேம்பாலத்துக்கு டிராயிங் அப்ரூவல் வரலைன்னு ஒரு 800 மீட்டர். கான்ட்ராக்டர் கிடைச்ச இடத்துல எல்லாம் போட்டுட்டு போயிடுவாரு. ஆக நாலு வழி, திடீர்னு ரெண்டு வழி, திரும்ப நாலு வழி. ஒவ்வொரு துண்டு முனைலயும் எல்லா வண்டியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையணும். நீங்க எல்லாரும் கேக்குற ரெண்டு கேள்வியும், வேலை ஏன் முடியல, ஏன் இப்படி நுழையுறாங்க, எனக்கு ஒரே கேள்வியா தான் தெரியுது.

கள்ளக்குறிச்சி டூ சேலம்: அப்ப எங்க ரோடு? முடிஞ்ச ரோடு தானே சார், அதுலயும் அதே கதை தானே.

உளுந்தூர்பேட்டை - சேலம் ரோட பத்தி தனியாவே எழுதலாம். சுமார் 136 கிலோமீட்டர், பழைய என்.எச் 68, இப்ப 79. ஊருக்கு வெளிய நாலு வழி போட்டாங்க, ஆனா கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி மாதிரி பைபாஸ் வர்ற இடத்துல எல்லாம் ரெண்டு வழி தான் போட்டாங்க, நடுவுல மீடியன் கூட கிடையாது. மனுஷன் நைட்ல 90ல வந்துட்டு இருப்பான், திடீர்னு எதிர்ல லைட்டு. எதிர்ல வர்றவனும் இது ஒன்வேன்னு நினைச்சு ஓவர்டேக் எடுத்துட்டு வருவான். அங்க செத்தவங்க கணக்கு அந்த ஜில்லா பேப்பர்ல வராத மாசம் கிடையாது. அப்புறமா அந்த பைபாஸை எல்லாம் நாலு வழியாக்கணும்னு கிளம்புனாங்க, முதல்லயே சேத்து போட்டிருந்தா ஆகுற செலவ விட எவ்ளோ அதிகம்னு யோசிச்சுக்கோங்க. இன்னும் ரெண்டு வழியா இருக்குற பைபாஸ்ல நுழையுறதுக்கு அரை கிலோமீட்டர் முன்னாடியே ஓவர்டேக்க நிறுத்துங்க, முன்னாடி லாரி 50ல போனாலும் பரவால்ல பின்னாடியே போங்க, அந்த பைபாஸ் தாண்ட ஆறேழு நிமிஷம் தான்.

கோயமுத்தூர் குசும்பன்: ரெண்டு லேன் ஒண்ணாகுற இடத்துல நாங்கெல்லாம் ஒழுங்கா ஒரு கிலோமீட்டர் முன்னாடியே கியூல நிக்குறோம், சில பேரு காலியா இருக்குற லேன்ல சர்ருன்னு போய் மூக்குல சொருகுறாங்க. இவங்களை என்ன பண்ணலாம்?

உங்களுக்கு புடிக்காத பதில் தான் வரப்போகுது. அந்த லேனை கடைசி வரைக்கும் யூஸ் பண்றது தப்பில்ல. பேரிகேடு வச்சிருக்குற இடம் வரைக்கும் அது ரோடு தான், காலியா விட்டா கியூ ரெண்டு மடங்கு நீளமாகி பின்னாடி இருக்குற ஜங்ஷனை அடைச்சிரும். ஜெர்மனில இதுக்கு சட்டமே இருக்கு, லேன் முடியுற இடத்துக்கு வந்து தான் நுழையணும், இந்த பக்கம் ஒண்ணு அந்த பக்கம் ஒண்ணுன்னு ஜிப் பல்லு கோர்த்துக்கற மாதிரி மாத்தி மாத்தி விடணும். அமெரிக்கால மினசோட்டா மாநில டிரான்ஸ்போர்ட் டிபார்ட்மெண்டும் இதையே தான் சொல்லித்தருது, கியூ நீளம் 40 சதவீதம் வரைக்கும் குறையும்னு சொல்றாங்க.

ஆனா நம்மாளு பண்றது அது இல்லைங்கறதையும் ஒத்துக்கறேன். கடைசி வரைக்கும் போறது சரி, 80ல போய் கடைசி பத்து மீட்டர்ல பிரேக்க மிதிச்சு பம்பர வச்சு மிரட்டி நுழையுறது வேற. அவன் அப்படி நுழையும்போது பின்னாடி இருக்குறவன் சடன் பிரேக், அதுக்கு பின்னாடி இருக்குறவன் இன்னும் கொஞ்சம் அதிகமா பிரேக், அப்படியே போய் எங்கயோ ஒருத்தன் முழுசா நின்னுடறான். ஜப்பான்ல 2008ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சில 230 மீட்டர் வட்டத்துல 22 காரை விட்டு எல்லாரும் ஒரே 30 கிலோமீட்டர் வேகத்துல போங்கன்னு சொல்லி பாத்தாங்க. சிக்னலும் கிடையாது, லேனும் குறையல. அப்படியிருந்தும் கொஞ்ச நேரத்துல ஒரு இடத்துல வண்டி நின்னு, அந்த நிக்கிற இடம் அப்படியே பின்னாடி நகர ஆரம்பிச்சுது. நம்ம ஊர் டைவர்ஷன்ல ஒரு மணி நேரம் நின்னுட்டு முன்னாடி போய் பாத்தா ஆக்சிடெண்டும் இருக்காது ஒண்ணும் இருக்காதுல்ல, அது இது தான்.

அதனால ரெண்டு பக்கமும் ஸ்பீடு ஒண்ணா இருக்கணும். கூட்டம் இருக்கும்போது தான் கடைசி வரைக்கும் போறது, எல்லாருமே 20ல ஊர்ந்துட்டு இருக்கும்போது. ரோடு ஃப்ரீயா இருந்தா முன்னாடியே நல்ல கேப் கிடைக்கும்போது நுழைஞ்சுடுங்க, அப்ப கடைசி வரைக்கும் போறது தான் ஆபத்து. இன்னொண்ணு, உள்ள விடவே கூடாதுன்னு முன்னாடி வண்டியோட ஒட்டிக்கிட்டு போறீங்களே குசும்பரே, நீங்களும் ஜாமுக்கு காரணம் தான். ஒரு வண்டிய விட்டா ஒரு வண்டி நீளம் தான் போகும்.

பைக் விஷயம் தனி. ஜெர்மன் ஃபார்முலால பைக்கே கிடையாது, இங்க நீங்க விடுற கேப்ல ரெண்டு ஸ்ப்ளெண்டர் ஒரு ஆக்டிவா வந்துரும். அதுக்காக கேப்பே விடாம போகாதீங்க, பைக் போனதும் அடுத்த காரை விடுங்க.

நாமக்கல் டாரஸ்: அண்ணே நான் லாரி ஓட்டுறேன். லோடு வண்டிக்கு முன்னாடி கேப் விட்டா உடனே கார் வந்து உக்காந்துக்குது. எவ்ளோ தான் விடுறது?

அண்ணே உங்க கஷ்டம் கார்ல போறவங்களுக்கு புரியாது. லோடோட வர்ற டாரஸ் நிக்க காரை விட எவ்ளோ தூரம் வேணும்னு அவங்களுக்கு தெரியாது, நீங்க விடுற கேப்பு உங்க பிரேக்குக்கான இடம், அவங்களுக்கு அது காலி சீட்டு. உங்க இடது பக்கம் கேபினுக்கு கீழ நிக்கிற வண்டி உங்க கண்ணுக்கே தெரியாதுங்கறதும் அவங்களுக்கு தெரியாது. கார் நண்பர்களே, லாரியோட ரெண்டு கண்ணாடிலயும் டிரைவர் முகம் உங்களுக்கு தெரியலைன்னா உங்க வண்டியும் அவருக்கு தெரியல. லாரிய தாண்டி நுழையணும்னா உங்க உள் கண்ணாடில லாரியோட முன்பக்கம் முழுசா தெரிஞ்சப்புறம் நுழைங்க. அண்ணே உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, ரைட் லேன்ல 45ல போறத விட்டுருங்க, எல்லாரும் லெஃப்ட்ல ஏறி வர்றதுக்கு பாதி காரணம் அது தான். லெஃப்ட் லேன் ஃபுல்லா குழி, நிறுத்துன வண்டி, ராங் சைடு பைக்னு நீங்க சொல்லப்போறது எனக்கும் தெரியும், அதுவும் நியாயம் தான்.

ஹசார்ட் லைட் ஹரி: நாலு இண்டிகேட்டரும் போட்டா நேரா போறேன்னு அர்த்தம் தானே ப்ரோ?

இல்ல ப்ரோ. நின்னு போன வண்டிக்கு தான் அது. ஒரு பக்கம் மறைஞ்சிருந்தா பாக்கறவன் நீங்க திரும்புறீங்கன்னு நினைச்சுக்குவான்.

கூடுவாஞ்சேரி டெய்லி: சர்வீஸ் ரோட்ல இருந்து ஜி.எஸ்.டி ரோட்ல (சென்னைல இருந்து தெக்க போற ஹைவே) ஏறுறது தான் எனக்கு தினமும் பயம். எப்படி ஏறுறது?

மெயின் ரோட்ல வர்றவனுக்கு தான் முதல் உரிமை, இதுல வாக்குவாதமே இல்ல. ஆனா நின்னு நின்னு ஏறுறதும் ஆபத்து, 80ல வர்ற வண்டி முன்னாடி 15ல போய் நீங்க நிக்கறீங்க. சர்வீஸ் ரோட்டுலயே ஸ்பீடு எடுத்து, கண்ணாடில மட்டும் பாக்காம கழுத்தை திருப்பி ஒரு தடவ பாத்து, லெஃப்ட் லேன்ல மட்டும் ஏறுங்க, ஒரே வீச்சுல மூணு லேன் தாண்டி ரைட்டுக்கு போகாதீங்க. இதெல்லாம் ஸ்பீடு எடுக்க இடம் இருந்தா தான். நம்ம ஊர்ல அந்த ஓப்பனிங்க முப்பது நாப்பது மீட்டர்ல முடிச்சிருப்பாங்க, அந்த முப்பது மீட்டர்லயும் ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு இளநீ வண்டி, கை காட்டுன இடத்துல நிக்கிற ஒரு பஸ். அந்த மாதிரி இடத்துல வேற வழி இல்ல, முழு கேப் வர்ற வரைக்கும் நிக்கணும், பின்னாடி எவ்ளோ ஹாரன் அடிச்சாலும்.

ரோட்ட அகலப்படுத்துனா இது சரியாகும்னு நினைக்காதீங்க. அதே ஜி.எஸ்.டி ரோட்ல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு 2023 டிசம்பர் கடைசில திறந்தாங்க, ரோடு எட்டு வழியாச்சு, ஆனா உள்ள வர்ற பஸ்ஸும் வெளிய போற பஸ்ஸும் குறுக்க போற ஆளுங்களும் சேர்ற அந்த கொஞ்ச தூரம் தான் மொத்த ரோட்டோட கொள்ளளவு. எட்டு வழி போட்டு அத ஒரு குறுகுன வாயில கொண்டு போய் விட்டா எட்டு வழியும் பார்க்கிங் தான்.

வாலாஜா வாசு: வேலைய பாதில விட்டுட்டு டோல் மட்டும் முழுசா வாங்குறது எந்த ஊர் நியாயம்?

உங்க ரோட்டுக்கே கோர்ட்டு இத கேட்டுச்சு. 2020 டிசம்பர்ல மதுரவாயல் - வாலாஜா நடுவுல இருக்குற ரெண்டு டோல்லயும் ரோடு சரியில்லைன்னு பாதி கட்டணம் தான் வாங்கணும்னு சென்னை ஹைகோர்ட்டு சொல்லுச்சு. ஆறு வழியாக்குற வேலை அதுக்கும் பல வருஷம் முன்னாடியே கொடுத்தது, கான்ட்ராக்ட் பாதில போய் திரும்ப டெண்டர் விட்டு துண்டு துண்டா ஓடுன வேலை அது. டோல்ங்கறது இந்த வேலைக்கான காசு மட்டும் இல்ல, ஏற்கனவே போட்ட நாலு வழிக்கும் சேத்து தான்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. சட்டப்படி சரியா இருக்கலாம், குழிக்கு நடுவுல டயர் வெடிச்சு நிக்கிறவனுக்கு அத சொல்லி பாருங்க.

திருச்சி தினேஷ்: டைவர்ஷன்ல போர்டே இல்லாம நைட்ல பேரிகேடு வச்சிருக்காங்க, யார்கிட்ட சொல்றது?

1033க்கு போன் பண்ணுங்க, என்.எச்சுக்கான நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க. இல்லைன்னா ராஜ்மார்க்யாத்ரா ஆப்ல போட்டோவோட போடுங்க. "திருச்சி தாண்டி கொஞ்ச தூரத்துல"ன்னு சொன்னா எவனும் வரமாட்டான், பக்கத்துல இருக்குற கிலோமீட்டர் கல்லு நம்பர், எந்த ஊர் போற பக்கம்னு ரெண்டும் சொல்லணும். வேலை நடக்குற இடத்துல முன்னெச்சரிக்கை போர்டு, கூம்பு, ராத்திரிக்கு மின்னுற லைட்டு எல்லாம் எப்படி வைக்கணும்னு ஐ.ஆர்.சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) போட்ட எஸ்.பி 55னு ஒரு கைடுலைனே இருக்கு, 2014ல திருத்துனது, டெண்டர்லயும் அதுக்கு காசு சேத்து தான் கொடுத்திருப்பாங்க. புகார்ல அந்த எஸ்.பி 55 நம்பரையும் சேத்து எழுதுங்க, விவரம் தெரிஞ்சவன் எழுதுறான்னு தெரிஞ்சா ஃபைல் கொஞ்சம் சீக்கிரம் நகரும். சைட்ல இருந்தப்ப எங்க டேபிளுக்கு வந்த புகார்ல நாங்க முதல்ல எடுத்ததும் அந்த மாதிரி தான்.