தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில், பெடல் கெட்டியாக இருந்தும் என் 1969 செவ்ரோலெட் சி-10 பக்கி (பிக்கப் வண்டி) நிற்கவில்லை. அதன் நான்கு டிரம் பிரேக்கையும் ஸ்க்ராப்யார்டு சாமான் வைத்து டிஸ்க்காக மாற்றலாமா?

முன்னால் இரண்டை மட்டும் மாற்றுங்கள் தம்பி, பின்னால் டிரம்மே இருக்கட்டும். பிரேக் அடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி முன்பக்கம் சாய்கிறது. காலி பக்கியின் பின் சக்கரத்துக்கு அந்த நேரத்தில் ரோட்டைப் பிடிக்கவே எடை போதாது. அங்கே டிஸ்க் போட்டு என்ன சாதிக்கப் போகிறோம்? ஹேண்ட்பிரேக்குக்கு வேறு தனி ஏற்பாடு தேட வேண்டி வரும்.

ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்கிறீர்கள். லைனிங் சூடேறி வழுக்குகிறது, அவ்வளவுதான். பெடல் தொளதொளத்து அடிவரை இறங்கியிருந்தால் ஆயில் கொதித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு டிஸ்க் மருந்தல்ல. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் குடித்த பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். டாட் 4-க்கு இந்தக் கணக்கு 230, 155. டர்பனின் ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாத ஆயிலை நம்பி மலை இறங்கக் கூடாது.

"உயிர் சம்பந்தப்பட்ட பிரேக்கில் பழைய சாமானா?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். இரும்பு பழசாகலாம், ரப்பர் பழசாகக் கூடாது. ஸ்பிண்டில், ஹப், காலிப்பர் உடல், பிராக்கெட், கன்ட்ரோல் ஆர்ம் இவற்றை ஸ்க்ராப்யார்டில் எடுக்கலாம். ஹோஸ், சீல், பேட், பேரிங், பால் ஜாயின்ட், காப்பர் வாஷர் எல்லாம் புதிதாகத்தான். பெயின்டுக்கும் குரோமுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழித்துவிட்டு ஹோஸ் வாங்கும்போது பேரம் பேசுகிறவர்களை என்ன சொல்வது!

சி-10-க்கு 1971-இலிருந்துதான் முன் டிஸ்க் வந்தது. 1971, 72 வண்டி கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஸ்பிண்டிலை மட்டும் கழற்றி வராதீர்கள். மேல், கீழ் ஆர்ம், டை ராட் எண்டு, டிஸ்க், காலிப்பர், ஹோஸ் பிராக்கெட், மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றுவது), சேசிஸில் இருக்கும் காம்பினேஷன் வால்வு (முன், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பங்கிடுவது) என்று எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். பால் ஜாயின்ட்டின் டேப்பர் (கூம்புச் சரிவு) ஒத்துப்போகாத சிக்கல் அதோடு தீர்ந்தது. 1973 முதலான வண்டி என்றால் முன் கிராஸ்மெம்பரையே எடுத்து, சேசிஸில் துளை போட்டுப் பொருத்த வேண்டும். அது தனி வேலை. அந்த வருட டிஸ்க்கில் 1 இன்ச், 1¼ இன்ச் என்று இரண்டு தடிமன் உண்டு. ஒன்றின் காலிப்பரை மற்றதில் மாட்டப் பார்க்காதீர்கள். "கிளாசிக்" என்று சொல்லித் துருப்பிடித்த ஸ்பிண்டிலுக்கு நகை விலை சொல்லும் யார்டுகள் பெருகிவிட்டன. அவர்கள் சொல்கிற வருடத்தையும் நம்பாதீர்கள், வெர்னியர் காலிப்பரை வைத்தே டிஸ்க்கின் தடிமனை அளந்து பாருங்கள்.

முக்கால்வாசிப் பேர் மறந்துவிடும் விஷயம் ரிம். உங்கள் 1969-இல் ஆறு நட், 139.7 மி.மீ. வட்டம். 1971 டிஸ்க்கில் ஐந்து நட், 127 மி.மீ. முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று ஓட்டினால் இரண்டு ஸ்டெப்னி சுமக்க வேண்டும். அதனால் அதே வண்டியின் பின் ஆக்ஸிலையும் விலை கேளுங்கள். பழைய 15 இன்ச் டிரம் ரிம் சில காலிப்பரில் உரசும். டயர் மாட்டும் முன்பே வெறும் ரிம்மைச் சுற்றிப் பாருங்கள்.

யார்டில் கழற்றும்போது கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக் வைத்து, காயில் ஸ்பிரிங்கைச் சேசிஸோடு சங்கிலியால் கட்டிய பிறகே பால் ஜாயின்ட் நட்டை எடுக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் அந்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொன்றுவிடும். பழைய டிரம்மைத் திறக்கும்போது கம்ப்ரஸர் வைத்து ஊதாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்ததே 2008-இல்தான், அந்த லைனிங் தூசியில் அது இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமனை வார்ப்பிலேயே பொறித்திருப்பார்கள். லேத்தில் ஸ்கிம் செய்த (மேற்பரப்பைச் சீவிய) பிறகும் அதற்கு மேல் இருக்க வேண்டும். ஹப்போடு சுற்றி டயல் கேஜ் வைத்தால் ஆட்டம் 0.1 மி.மீ. தாண்டக் கூடாது. காலிப்பர் பிஸ்டனைக் காற்றழுத்தத்தில் தள்ளும்போது நடுவில் ஒரு மரக்கட்டை வையுங்கள், விரலை வைக்காதீர்கள். பிஸ்டன் மேல் குரோம் குழி விழுந்திருந்தால் பிஸ்டன் புதுசு. தேய்த்துப் போட்டால் சீல் கிழிந்துவிடும். கடற்கரைப் பக்கம் நின்ற வண்டியில் இந்தக் குழி அநேகமாக இருக்கும்.

மாஸ்டர் சிலிண்டர்தான் இந்த வேலையின் உயிர்நாடி. உங்கள் வண்டியில் இருப்பது டிரம்முக்கானது. இரட்டை அறைதான், ஆனால் டிஸ்க்குக்குப் போதிய ஆயில் அதில் நிற்காது. போதாததற்கு பைப் போகும் வாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ரெசிடுவல் வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்குப் போனால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், ரெண்டு ரோபோ (டிராஃபிக் சிக்னல்) தாண்டுவதற்குள் புகை வரும்.

மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் தேர்வதில் கணக்கு உண்டு. பூஸ்டர் (எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தால் மிதிக்கு உதவுவது) இல்லாமல், விசையை ஆறு மடங்காக்கும் 6:1 பெடலை 35 கிலோ விசையில் மிதித்தால் ராடில் 210 கிலோ வரும். 1 இன்ச் சிலிண்டரில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 41 கிலோ. 1⅛ இன்ச்சில் 33 கிலோதான். "பெரிசு போட்டால் பலம்" என்று நினைப்பவர்கள் இங்கேதான் கவிழ்கிறார்கள். பூஸ்டர் இல்லையென்றால் 1 இன்ச், இருந்தால் 1⅛.

பழைய பூஸ்டரைச் சோதிக்க, எஞ்சினை அணைத்துப் பெடலைக் கெட்டியாகும் வரை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். ஜோகனஸ்பர்க் சுமார் 1750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தமே டர்பனைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே அரைகுறையாக இழுக்கும் பூஸ்டர் என்3 நெடுஞ்சாலையில் மேலே போனதும் கைவிட்டுவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த இடது ஸ்டியரிங் வண்டியின் பூஸ்டர் பிராக்கெட் நம் வலது பக்கத்துக்கு அப்படியே உட்காராது, பைப் நீளமும் மாறும். ஸ்பிண்டிலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பைப்புக்கு 3/16 இன்ச் காப்பர்-நிக்கல், டபுள் ஃபிளேர் (பைப் முனையை இரட்டை மடிப்பாக விரிப்பது). கம்ப்ரஷன் யூனியன் போட்டு ஒட்டுப்போடுவது பிரேக்கில் கூடவே கூடாது. பேரிங்கில் கிரீஸ் அழுத்தி, டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டே 16 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, முழுக்கத் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் திருகி, காட்டர் பின்னை மாட்டுங்கள். பேரிங்கை இறுக்கிவிட்டு, அது எரிந்த பிறகு சாமானைக் குறை சொல்ல வேண்டாம்.

ஏர் எடுக்கும்போது ப்ளீடர் திருகு காலிப்பரின் உச்சியில் இருக்கிறதா பாருங்கள். கீழே இருந்தால் இடதும் வலதும் மாறிவிட்டது. எத்தனை லிட்டர் ஊற்றினாலும் காற்று வெளியே வராது. நம் மாஸ்டர் வலது பக்கம், ஆகவே தூரத்திலிருந்து தொடங்கினால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. அமெரிக்க மேனுவலில் இடதும் வலதும் மாறி இருக்கும். முன்பக்கம் எடுக்கையில் காம்பினேஷன் வால்வின் சிறு பின்னைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

பேட் பதிய, 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாக ஒரு பத்து முறை குறையுங்கள். முழுதாக நிறுத்தக் கூடாது, இடையில் ஆற விடுங்கள். காலி பக்கியில் ஈர ரோட்டில் பின் சக்கரம் முதலில் பூட்டினால் பின் டிரம்முக்குப் போகும் பைப்பில் அட்ஜஸ்டபிள் வால்வு ஒன்று போட்டு அழுத்தத்தைக் குறையுங்கள். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் செய்யுங்கள். ரோட்வொர்த்தி (வண்டித் தகுதிச் சான்று) கொடுக்கும் இடத்தில் ஹேண்ட்பிரேக்கையும் சோதிப்பார்கள், பின் ஆக்ஸில் மாற்றியிருந்தால் கேபிள் நீளத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு வீல் நட்டை மறுபடி இறுக்கி, ஒவ்வொரு ஃபிளேர் இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் அந்த நட்டை இன்னும் இறுக்காமல், பைப்பை வெட்டிப் புது ஃபிளேர் போடுங்கள்.